உதடு ஒட்டாத வசனம்

இருபத்தொன்று. டோக்கன் அக்கா கூப்பிடும்போது ‘இருவத்தி’ வரைக்கும் மூக்கில் வருகிறது, ‘யொண்ணு’ மட்டும் தொண்டைக்கு இறங்கி விழுகிறது, படியில் உருளும் சில்வர் டம்ளர் மாதிரி. விழுந்த பிறகு ஒரு சின்ன இழுப்பு வேறு. எனக்கு இது அரை நிமிட வேலை. சத்தத்தை மூக்குக்கு ஏற்றி, நாக்கைக் கொஞ்சம் தடிக்க விட்டால் போதும், இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் நானே வரிசையாகக் கூப்பிட்டு, ‘டாக்டர் கெளம்பிட்டாங்க, நாளைக்கு வாங்க’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கூடாது. வாயிலிருந்து சத்தம் வரக் கூடாது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது, கிசுகிசுப்பு இன்னும் மோசம் என்று போன தடவை டாக்டரம்மா சொன்னார். அவருடையது நல்ல குரல், ஈரத்துணியை உதறிக் காயப்போடுகிற குரல். “குரல்நாண்ல ரத்தம் கட்டியிருக்குது. ரெண்டு வாரம் ஒரு சத்தம் வரக்கூடாது. கரைஞ்சிருச்சுன்னா பொழச்ச. கட்டியாகி நின்னுக்கிச்சுன்னா ஆபரேஷன். அதுக்கப்பறம் பழைய குரல் அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன்.” அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன். அப்படியே வரும்னு. இந்த ஒரு வரியை மனசுக்குள் எத்தனை குரலில் சொல்லிப் பார்த்திருப்பேன்! எங்கள் தலைமையாசிரியர் எச்செம் குரலில், குமாரபாளையம் பஸ் ஸ்டாண்டு சுண்டல்காரர் குரலில், பால் சொசைட்டி மைக் குரலில். எந்தக் குரலில் சொன்னாலும் சிரிப்பு வரவில்லை. நான் கையில் எடுத்தும் சிரிப்பு வராத முதல் வசனம் இதுதான். இன்றைக்குக் கரைந்ததா கட்டியா என்று பார்த்துவிடுவார்கள். எங்கள் டோக்கன் இருபத்தாறு. என் சட்டைப்பையில் அந்த அட்டை ஈரமாகிவிட்டது, நான் அடிக்கடி தொட்டுப் பார்ப்பதால்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஏர் ஹாரன். பி.டி. சார் முதுகுக்குப் பின்னால் போய் நின்று வாயாலேயே லாரி ஹாரன் அடித்தேன், டபுள் ஹாரன், மலைப்பாதை இறக்கத்தில் வருகிற மாதிரி. சார் துள்ளிக் குதித்து வாலிபால் வலையில் போய் மாட்டினார், விசில் வாயிலிருந்து விழுந்தது, கிரவுண்டே உருண்டு சிரித்தது. அடுத்த ஹாரனுக்கு மூச்சை இழுத்தபோது தொண்டைக்குள் ஒரு நூல் அறுந்தது. தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு நூல் அறுவது தெரியாமல் போகாது. சத்தமே இருக்காது, துணியில் ஒரு கோடு மட்டும் விழும். அப்படி ஒரு கோடு. பிறகு நான் ‘சார்’ என்று சொன்னேன், வெறும் காற்று வந்தது. பி.டி. சார்தான் பைக்கில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார், வழியெல்லாம் திட்டிக்கொண்டே, ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பி ‘வலிக்குதாடா’ என்று கேட்டுக்கொண்டே. சார், நீங்க நல்லா இருக்கோணும். உங்களை இன்னும் நூறு தடவை பயமுறுத்தோணும். அப்புறம் வகுப்பு. வருகைப் பதிவில் ‘பூவரசன்’ என்று என் பேர் வந்தால் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல என்னிடம் வாய் இல்லை. முதல் நாள் சும்மா கையைத் தூக்கினேன். இரண்டாம் நாள் பின் பெஞ்சிலிருந்து ரியாஸ், நான் போடும் சுண்டல்காரர் குரலில், “உள்ளேன்யா, சூடா உள்ளேன்யா” என்றான். மகா மட்டமான மிமிக்ரி. சுண்டல்காரருக்கு அந்த இழுப்பு ‘டா’வில்தான் இருக்க வேண்டும், இவன் ‘சூ’வில் இழுக்கிறான். ஆனால் அதற்கடுத்த நாள் வேறொருவன், அடுத்த நாள் இன்னொருத்தி, என் பேருக்கு என் குரல்களில் ஒவ்வொருவராக எழுந்து ஆஜர் கொடுத்தார்கள். தமிழய்யா கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு டிக் போட்டார். போன வெள்ளிக்கிழமை என் பேர் வந்தபோது வாசலில் நின்றிருந்த எச்செம், நான் அவரைப் போலச் செய்யும்போது செய்கிற மாதிரியே கழுத்தைத் தோளுக்குள் இறக்கி, “ஹ்ம்ம்... உள்ளேன் ஐயா” என்றார். எச்செம்மே எச்செம்மை மிமிக்ரி செய்தார்! என்னைவிட ஒரு மாத்திரை குறைவாகத்தான் செய்தார், ஆனாலும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்தால் சத்தம் வந்துவிடும் என்று டெஸ்க்கைக் கடித்தேன். டெஸ்க்கில் என் பல் அடையாளம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இருபத்திரண்டு. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதபடியே உள்ளே போகிறது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு இயர்போன் வயர் தொங்குகிறது. ஒரு முனை என் காதில், ஒரு முனை அப்பாவின் இடது காதில். முப்பது வருஷத்துக்கும் மேலான விசைத்தறிச் சத்தத்தில் அப்பாவுக்கு வலது காது முழுசாகப் போய்விட்டது, இடதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போனில் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினால் கேட்கும், என் காதுதான் கிழியும். கிழியட்டும். ‘இடைவேளை முறுக்கு’ என்று ஒரு பாட்காஸ்ட், மெட்ராஸில் இரண்டு பேர் உட்கார்ந்து பழைய படங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்தன் முகில், ‘ஆக்சுவலா’ இல்லாமல் வாக்கியத்தைத் தொடங்க மாட்டான். இன்னொருத்தன் பெனடிக்ட், விசில் வருவதற்கு முன்னால் குக்கர் முனகுமே, அப்படிச் சிரிப்பான். இரண்டு பேர் குரலையும் ஜூலையிலேயே பிடித்துவிட்டேன். இன்றைய தலைப்பைப் பார்த்துத்தான் போட்டேன்: ‘கிளைமாக்ஸில் பேசிய ஊமைகள்’. யாரோ என்னை வேவு பார்த்து வைத்த தலைப்பு. “ஆக்சுவலா,” என்கிறான் முகில், “அந்தக் காலத்துல ஒரு ஊமைப் பொண்ணு ஸ்க்ரீன்ல வந்தாலே, முறுக்கு விக்கிறவனுக்குக்கூடத் தெரியும், கடைசி ரீல்ல பேசிடும்னு. கோயில் மணி அடிக்கும், காத்து அடிக்கும், வில்லன் அருவாளை ஓங்குவான், தொண்டை தொறந்துக்கும்.” “ஈஎன்டி டாக்டருக்குப் பொழப்பே இல்ல மச்சி,” என்கிறான் பெனடிக்ட், குக்கர் முனகுகிறது. அப்பா என் பக்கம் திரும்பி, டாக்டரின் அறைக்கதவைக் காட்டி, கண்ணை அகட்டினார். எனக்கு வயிறு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிப்பதற்கு வயிறு மட்டும் போதும் என்பதை இந்த ரெண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். “அதென்னடா எல்லாப் பொண்ணும் ‘அம்மா’ன்னுதான் கத்துது? ஒருத்திகூட ‘அப்பா’ன்னு ஆரம்பிக்கல?” இது முகில். நல்ல கேள்வி. நானும் இதைத்தான் பத்து நாளாக யோசிக்கிறேன், முதல் சொல் என்ன சொல்வது என்று. அம்மா டவல் மடிக்கிற கம்பெனியில் இருக்கிறாள், இன்றைக்கு லாரி ஏற்றும் நாள், லீவு கிடைக்கவில்லை. காலையில் இட்லியை வாயில் திணித்துக்கொண்டே ஆர்டர் போட்டாள்: “பேச்சு வந்துச்சுன்னா மொதல்ல எனக்கு ஃபோன் போட்டு அம்மான்னு சொல்லோணும். வேற எவன் கொரல்லயாச்சும் கூப்புட்ட, சோறு கெடையாது பாத்துக்க.” நான் போனில் டைப் அடித்தேன், போன் தன் பெண் குரலில் வாசித்தது: “சரி. இன்னும். ரெண்டு. இட்லி.” இந்தப் பெண் குரலுக்கு அம்மா வைத்த பேர் மருமகள். “மருமக வந்ததிலிருந்து இவன் மருவாதியாப் பேசறான்,” என்று அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

மருமகளைக் கொண்டு ஒரு காரியம் செய்யலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. இயர்போனை ஒரு நொடி பிடுங்கி, டைப் அடித்து, சத்தத்தை அளவாக வைத்து, பையோரமாகப் பிடித்தேன். “டோக்கன். முப்பத்து நான்கு. வரவும்.” எதிர்வரிசையில் மங்க்கி குல்லா போட்ட ஒரு மாமா திடுக்கிட்டு எழுந்து, பையை எடுத்து, கதவுவரை போய்விட்டார். “யாருங்க கூப்புட்டது? உக்காருங்க,” என்கிறாள் மூக்கக்கா. “இப்பக் கூப்புட்டீங்களே அம்மணி, மெசின்ல?” “மெசினா? எந்த மெசின்?” அவர் கூரையைப் பார்க்கிறார், எங்கேயாவது ஸ்பீக்கர் தெரிகிறதா என்று. அப்பா என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். கிள்ளிவிட்டு அவரும் கூரையைப் பார்த்தார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. காது கேட்காத மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்? என் முகத்தை வைத்துத்தான். அப்பாவிடம் தப்பவே முடியாது. தறிக்குடோனில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது, இருபது தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இந்த ரெண்டு வாரமும் நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தால் வீட்டில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அப்பாதான். காற்றுகூட விடாமல் உதட்டை மட்டும் அசைத்தால் தப்பில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கியது. நான் ‘அம்மா எங்க’ என்று கேட்டால் அப்பா “இங்கதான இருக்கறன்” என்பார். அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒன்றேதான்! கண்ணாடியில் போய்ப் பார்த்தேன், சத்தத்தை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது, திறந்து, ஒட்டி, திறக்கிறது. பதினாறு வருஷமாக இரண்டு பேரையும் ஒரே வாயால் கூப்பிட்டிருக்கிறேன். தறிக்குடோனில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட்டால் அம்மா, மீசை இருக்கும் இடத்தைத் தடவினால் அப்பா. எனக்கு மீசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பதைத் தடவுவேன். “அவசரப்படாத, வரும்,” என்பார் அப்பா.

இருபத்து மூன்று. கரைந்திருக்குமா. காலையில் எச்சில் விழுங்கியபோது ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தாதது நல்லதா கெட்டதா. கட்டி என்றால் உறுத்துமா, உறுத்தாமலே உட்கார்ந்திருக்குமா. அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன். அப்படியே வராவிட்டால் எச்செம் போவார், சுண்டல்காரர் போவார், குக்கர் பெனடிக்ட் போவான், எங்கள் தெருவில் புறாவைக் கூப்பிடும் ஹனீபா பாய் போவார். எல்லாரும் போன பிறகு தொண்டையில் யார் மிச்சம்? எனக்கென்று ஒரு குரல் எப்படி இருந்தது? ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. ‘தண்ணி குடு’ என்று கேட்பதுகூட யாரோ ஒருவர் மாதிரித்தான் கேட்டிருக்கிறேன். இதை யோசிக்கக்கூடாது. கேள், பாட்காஸ்டைக் கேள். “அடுத்து நம்ம ஃபேவரைட், வாய்க்கால் வள்ளி,” என்கிறான் முகில். “எண்பத்தொம்பது. கோபி பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்துல மொத்த கிளைமாக்ஸும். ஆக்சுவலா காமெடி என்னன்னா, படம் பூரா ஊமைதானேன்னு வடக்கேருந்து ஒரு பொண்ணைப் புடிச்சுட்டு வந்துட்டாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசி ரீல்ல பாத்தா ரெண்டு பக்க வசனம்!” பெனடிக்ட்டுக்கு விசிலே வந்துவிட்டது. “மச்சி, சவுண்டுல ‘அம்மா, என் புருஷனை விட்டுரச் சொல்லும்மா’ன்னு உருகுது. உதட்டைப் பாரு, ஒட்டவே ஒட்டல. அம்மான்னா ஒட்டணும்ல? நீ சொல்லிப் பாரு.” அம்மா, என்கிறான் முகில். அம்மா, என்கிறான் பெனடிக்ட். அம்மா, என்று நானும் சத்தமில்லாமல் உதட்டை ஒட்டிப் பார்த்தேன். “ஏங்கண்ணு?” என்றார் அப்பா. உங்களை இல்லை என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அப்பா தலையாட்டிவிட்டு இயர்போனை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். கோபி என்ற ஊர்ப் பேர் வந்ததிலிருந்தே அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. “அதைவிட ஹைலைட்,” என்கிறான் பெனடிக்ட், “பாலத்து மேல நூறு பேர் நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு பேசுனதும் எல்லாரும் துண்டை வாயில வச்சு அழறாங்க. இடது ஓரத்துல ஒருத்தன். பதினாறு பதினேழு இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கு. அவன் மட்டும் கேமராவைப் பாத்து ஈ-ன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறான்!” “எவன்டா அவன்? அவனைப் புடிங்கடா. ஆக்சுவலா படத்துலயே அவன் ஒருத்தன்தான் நேர்மையான ரசிகன்.” நானும் சிரித்தேன், வயிற்றால். அந்தப் பையன் எனக்கு அப்படியே தெரிந்தான். ஊரே அழும்போது இளித்துக்கொண்டு நிற்பவன் என் ஆள், என் ஜாதி, கிடைத்தால் தோளில் கை போட்டுக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வயர் ஆடியது. அப்பாவின் தோள் குலுங்குகிறது. உடம்பு சரியில்லையோ என்று திரும்பினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாய் காது வரைக்கும் போயிருக்கிறது, பாதி உடைந்த முன்பல் வெளியே நிற்கிறது.

“அது நாந்தான் கண்ணு,” என்றார் அப்பா. தறிக்குடோன் குரலில். காது கேட்காதவர் ரகசியம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. வராந்தா முழுக்கத் திரும்பியது. மங்க்கி குல்லா மாமா, “எது நீங்க? முப்பத்து நாலா?” என்றார். அப்பா கூச்சத்தோடு கையை ஆட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார். “பெரியப்பங்கூட சைக்கிள்ல போயிருந்தன், சூட்டிங் பாக்க. கூட்டத்துல நில்லுங்கன்னாங்க, தக்காளி சோறு போட்டாங்க. அந்தப் புள்ள தலையெல்லாம் விரிச்சுப் போட்டுக்கிட்டு, மூக்குல செவப்பு மையி, கண்ணுல தண்ணி தாரதாரையா ஊத்துது. வாயப் பாத்தா ‘ஏக், தோ, தீன், சார், பாஞ்ச்’. இந்தியில எண்ணிக்கிட்டு இருக்கறா! நம்ம மார்க்கெட்டுல சேட்டு துண்டுக்கட்டு எண்ணுவாரே, அதே மாதிரி. பாலத்து மேல ஒருத்தனுக்கும் கேக்கல, கேட்டாலும் அழுவத்தான் சொல்லியிருந்தாங்க. எனக்கு அப்பவே தறிப் பழக்கம், வாயி தெரிஞ்சு போச்சு. தீன்னு சொல்லையில அவ வாயி இப்புடிப் போவுது, ஈ-ன்னு. எனக்கும் போயிருச்சு. அடக்க முடியலீடா.” அப்போதுதான் அது வந்தது. சிரிப்பு இல்லை, அதற்கும் கீழேயிருந்து, வயிற்றிலிருந்து ஒரு பெரிய ‘ஏங்கப்பா!’ கிளம்பி நெஞ்சைத் தாண்டி மேலே வருகிறது, பிரேக் பிடிக்காத லாரி, அறுந்த நூல் இருக்கிற இடத்துக்கு நேராக வருகிறது. கரைந்துகொண்டிருப்பது இந்த ஒரு கத்தலில் திரும்பக் கிழிந்துவிட்டால்? இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். மூச்சை நிறுத்தினேன். அப்பா சட்டென்று என் பின்னங்கழுத்தைப் பிடித்தார், ஓடுகிற தறியைக் கை வைத்து நிறுத்துகிற மாதிரி. “அடக்கு. அடக்கு. மூக்கால மூச்சு விடு.” விட்டேன். வந்தது போய் எங்கேயோ திரும்ப உட்கார்ந்துகொண்டது. சத்தம் ஒன்றும் வரவில்லை. இயர்போனில் பெனடிக்ட் அடுத்த படத்துக்குப் போய்விட்டான், அங்கே ஒரு ஊமை அண்ணனுக்கு இடி விழுந்து பேச்சு வருகிறதாம். வந்துவிட்டுப் போகட்டும்.

டைப் அடித்து, மருமகளை வாசிக்க விடாமல் திரையையே காட்டினேன்: ‘இத்தனை வருஷம் ஏன் சொல்லல?’ அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார். “நீ எங்க கேட்ட? எப்பப் பாத்தாலும் நீயே பேசிக்கிட்டு இருப்ப. நடுவுல எங்க பூந்து சொல்றது?” குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். நான் அடுத்ததை அடித்தேன். அடிக்கும்போதே பயமாக இருந்தது, அழித்துவிடலாமா என்று விரல் நின்றது, பிறகு காட்டிவிட்டேன்: ‘குரல் வராட்டி?’ அதைப் படித்துவிட்டு அப்பா போனை என் மடியில் கவிழ்த்து வைத்தார். “வரும். வராட்டி உங்கம்மாளுக்குத்தான் கஷ்டம், அவளுக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்கு என்ன? நீ போடற கொரலு எதும் எனக்கு எப்பவும் கேட்டதில்லயே கண்ணு.” நான் அவரைப் பார்த்தேன். கேட்டதில்லையா? நம் வீட்டுக் கூடத்தில் நான் எச்செம்மாக நின்றபோது முதலில் சிரித்தவர் யார்? சுண்டல்காரருக்கு மூச்சுத் திணறச் சிரித்துத் தண்ணீர் கேட்டவர் யார்? நான் கேட்காததைப் படித்துக்கொண்டார், என் முகத்திலிருந்துதான். “எச்செம்மு வாறப்ப உன்ற கழுத்து உள்ள போயிரும். சுண்டக்காரரு வந்தா இந்தப் பக்கத்துப் புருவம் மட்டும் ஏறும். பாயி வந்தா கண்ணு மேல போயி புறாத் தேடும். அதைப் பாத்துத்தான் சிரிப்பன். இந்த ரெண்டு வாரமும் மட்டும் நீ சும்மாவா இருந்த? நேத்துச் சோறு திங்கயில டாக்டரம்மாளாட்டம் ஒண்ணு பண்ணுன பாரு, எனக்குப் பொறை ஏறிருச்சு. எனக்கு ஒண்ணும் கொறையலீடா.” ஒண்ணும் கொறையலீடா. இந்த வரியை மனசுக்குள் எச்செம் குரலில் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை. யார் குரலிலும் தோன்றவில்லை. அது வந்த குரலிலேயே இருக்கட்டும். பதினாறு வருஷமாக நான் எட்டணாப் பாட்டு பாடியதற்கெல்லாம் ரூபாய்ச் சிரிப்பு சிரித்தவருக்குப் பாட்டே கேட்டதில்லை. கூட்டத்தில் ஒரு ஆள் மட்டும் வேறு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார், பாலத்தின் இடது ஓரத்தில், எப்போதும். பெனடிக்ட்டுக்கும் முகிலுக்கும் கோயில் கட்டிக் கும்பிடலாம். நீங்கள் அந்தப் பையனைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். தக்காளி சோறு போட்ட கம்பெனிக்கும் நன்றி, தமிழ் தெரியாத அந்தப் புள்ளைக்கும். அவள் தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இந்த அப்பா கிடைத்திருக்க மாட்டார். முதல் சொல்லை முடிவு செய்துவிட்டேன். மன்னிச்சுக்க அம்மா, நீ ரெண்டாவது.

“இருவத்தி யாறு.” மூக்கக்கா, உன் ‘யாறு’ அழகு. உள்ளே மருந்து வாசம். டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, “வாயாடி வந்துட்டானா? பேசுனயா நடுவுல?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “கனவுல?” அதற்கு நான் பொறுப்பில்லை என்று கையை விரித்தேன். அப்பா ஓரமாக நின்றார், டிவி மாதிரி ஒரு பெட்டி இருக்கிற பக்கம். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லி, பஞ்சுத்துணியால் நாக்கைப் பிடித்துக்கொண்டார், வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி இறுக்கமாக. கேமரா வைத்த குளிர்ந்த கம்பி ஒன்று தொண்டைக்குப் போனது. குமட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, பேச்சு இங்கேயே, இப்போதே தொடங்கப் போகிறது என்று. நான் முடிவு செய்து வைத்த சொல் நாக்கில் இருக்கிறது, நாக்கு டாக்டர் கையில் இருக்கிறது. “இப்ப ஈ சொல்லு.” ஈயா? ரெண்டு வாரம் பூட்டி வைத்த வாய்க்கு முதல் வசனம் ஈயா? மணி இல்லை, கற்பூரம் இல்லை. “சொல்லுடா. ஈஈஈ.” நாக்கைப் பிடித்திருக்கும்போது எவனாலும் எவன் மாதிரியும் பேச முடியாது. எச்செம்மைத் தேடினேன், இல்லை. சுண்டல்காரர் இல்லை. பயந்துகொண்டே காற்றை மேலே விட்டேன், கொஞ்சமாக, படியில் கால் வைத்துப் பார்க்கிற மாதிரி, கோடு விழுந்த இடத்தைத் தொட்டது, அறுபடவில்லை, தாண்டிவிட்டது. ஈ. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் குழந்தைத்தனம், நடுவில் ஒரு சின்ன ஆட்டம். யாருடையது இது? எனக்குத் தெரிந்த ஒருத்தருடையதும் இல்லை. “இன்னொருக்கா.” ஈஈஈ. பெட்டியில் என் தொண்டை சிவப்பாகத் திறந்து மூடுவதை டாக்டரம்மா அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வாயும் ஈ-ன்னு தானாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. “சுத்தமாக் கரைஞ்சிருச்சு,” என்றார் டாக்டரம்மா, நாக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு. “மெதுவாப் பேசலாம். கொஞ்சமா. ஹாரன் அடிச்ச, நானே வந்து தச்சு விட்டுருவன்.”

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, அப்பாவுக்கு நேராக நின்று, எச்சிலை விழுங்கி, மெதுவாக, அந்தப் புதுக் குரலிலேயே சொன்னேன். “அப்பா.” சரியாக வந்தது. நடுவில் ஒட்டி, திரும்பத் திறந்தது. அப்பா என் உதட்டைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, உடனே சட்டைப்பையில் கை விட்டுத் தன் போனைத் தேடினார். “அம்மாவா? இரு இரு, இப்பவே போட்டுத் தாறன். காலைலயிருந்து அவளுக்கு உசுரு கையில இல்ல.” டாக்டரம்மா, “அவன் உங்களைத்தாங்க...” என்று தொடங்கினார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை, அவர் போனில் அம்மாவின் பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதைவிடத் திறமையாக நானே என்னை ஏமாற்றியிருக்க முடியாது. வயிறு குலுங்குகிறது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். நிமிர்ந்தார். ஒரு விரலை எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத என் மீசையை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக ஒரு தடவு தடவிக்கொண்டே மறுபடியும் சொன்னேன். போன் அவர் கையிலேயே நின்றது. பிறகு மெல்ல, உதடு இரண்டு பக்கமும் விலக, அந்தப் பாதிப் பல் வெளியே வந்தது.